மைக்ரோவேவ் முகத்தில் ஒட்டிய ஃபிலிம்

என் கணவர் விற்பது பிளாஸ்டிக் ஃபிலிம். வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் முகப்பில் எண்களும் எழுத்துகளும் அச்சிட்ட பளபளப்பான தாள் ஒன்று இருக்குமே, அதுதான். கீறல் விழாமலிருக்க அதன்மேல் ஒரு பூச்சு பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சைப் பற்றி என் கணவர் பேச ஆரம்பித்தால், ஏதோ அவரே தவமிருந்து வாங்கி வந்த வரம் என்று தோன்றும். புனேயைச் சுற்றியுள்ள கம்பெனிகளுக்குச் சாம்பிளை எடுத்துப் போய், பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் எல்லோர் முன்னாலும் பரபரவென்று தேய்த்துக் காட்டுவார்.

கோயமுத்தூரிலிருந்து புனேயின் விஷ்ராந்த்வாடிக்குக் குடிவந்ததும் ஒரு மைக்ரோவேவ் வாங்கினோம். அதன் முகப்பில் இருப்பது தங்கள் ஃபிலிம் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார். கடையிலிருந்து வீடு வரும்வரை அடிபடாமலிருக்க, அதற்கும் மேலே மெல்லிய கவர் ஒன்றை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். நான் அதை உரிக்க நகத்தை வைத்ததும் ஹாலிலிருந்து ஓடிவந்தார்.

"ஏய், அதை எதுக்கு உரிக்கறே? கீறல் உழுந்துரும்."

"கம்பி நாரு போட்டுத் தேச்சாலே உழுகாதுன்னீங்களே?"

"அது கஸ்டமர்கிட்டச் சொல்றது. இது நம்மூட்டுச் சாமான்."

வருஷங்கள் போயின. கவர் குமிழ் விட்டது. ஓரங்கள் சுருண்டு, உள்ளே எண்ணெயும் மாவும் புகுந்து கறுத்தன. மூன்றா எட்டா என்று தெரியாமல் குத்துமதிப்பாக அமுக்கிக்கொண்டிருந்தேன். பாத்திரம் கழுவ வரும் மராட்டிக்காரம்மா, "தாயி, ஹே காடா நா" என்பார், எடுத்துப் போடுங்களேன் அக்கா என்று. நான் ஹால் பக்கம் கையைக் காட்டுவேன். அங்கே என் கணவர் டிவியின் சத்தத்தைக் கூட்டுவார். படித்த மனிதர், பெரிய வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய மேலதிகாரி சாப்பிட வருவதாக இருந்தது. மத்தியானம் சமையலறைக்குள் வந்த என் கணவர் மைக்ரோவேவைப் பார்த்துத் திகைத்து நின்றார். அதுவரை அதை அவர் பார்த்ததே இல்லை போல.

"இதைப் பாத்தா சார் என்ன நெனைப்பாரு?" என்றவர், மடமடவென்று கவரை உரிக்கத் தொடங்கினார். ஒட்டியிருந்த பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்டு வழித்தார். கவருக்கு அடியில் முகப்பு அன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து எடுத்தது மாதிரி மின்னியது.

சாயங்காலம் வந்த அதிகாரி, நான் கூட்டைச் சூடு பண்ணும்போது சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். தங்கள் சரக்கை உடனே அடையாளம் கண்டுகொண்டு குனிந்து, கட்டைவிரலால் தடவினார். இந்தியில் கேட்டார், "இது எப்போது வாங்கியது?"

"வருஷக்கணக்காச்சு சார். தினமும் உபயோகிக்கிறோம். எண்ணெய், மசாலா எல்லாம் படும்" என்றார் என் கணவர். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

அதிகாரி பூரித்துப்போய் போனை எடுத்துப் படம் பிடித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "சார், இன்று மத்தியானம்வரை இதன்மேல் கவர் ஒட்டியிருந்தது" என்று இந்தியிலேயே சொன்னேன்.

"மேடம் நல்ல தமாஷ்காரர்!" என்று அவர் குலுங்கிச் சிரித்தார். அவரைவிடப் பலமாக என் கணவர் சிரித்தார்.

அதிகாரி போனதும் கேட்டேன். "ஏனுங்க, இப்படியா பொய் சொல்றது?"

"என்ன பொய் சொன்னேன்? வருஷக்கணக்காச்சுன்னேன். ஆகலியா?"

இப்போது அந்தப் படம் கம்பெனியின் விளக்கப் படங்களில் இருக்கிறது. நிஜமான வீட்டில், நிஜமான உபயோகத்தில் சோதிக்கப்பட்டதாம். ஓரத்தில் என் முழங்கையும் புடவைத் தலைப்பும் தெரிகின்றன. அதைக் காட்டி ஒரு புது வாடிக்கையாளரைப் பிடித்துவிட்டதாக ஸ்வீட் வாங்கிக்கொண்டு வந்தார்.

அதோடு விட்டாரா? அடுத்த வாரமே கேம்ப் கடைவீதியில் மொபைல் கடை ஒன்றில் அளவு கொடுத்து ஒரு புதுக் கவரை வெட்டி வாங்கி வந்தார். கையில் துணியோடு மைக்ரோவேவ் முன்னால் போய் நின்றார்.

"ஒட்டுங்க" என்றேன். "ஒட்டுனதும் நானும் ஒரு போட்டோ எடுத்து உங்க சாருக்கு அனுப்பறேன்."

அவர் கவரைச் சுருட்டிப் பீரோவுக்குள் வைத்துவிட்டார். இப்போதெல்லாம் நான் பட்டனை அமுக்கும் சத்தம் கேட்டாலே ஹாலிலிருந்து கழுத்தை நீட்டுகிறார்.

"மெதுவா, மெதுவா!"

நான் இன்னும் கொஞ்சம் அழுத்தி அமுக்குகிறேன்.