பால் நேரத்துப் போன்

என் வாய் கொஞ்சம் நீளம். அதை நான் மறைத்ததில்லை. மறைக்கவும் முடியாது, பேசாலையில் பாதிச் சனத்துக்கு அது தெரியும். அந்த வாயால் நான் தேடிக்கொண்ட பெரிய பகை என் கணவரின் அக்காவோடுதான். எனக்கு அவர் மச்சாள். எங்கள் வளவுக்கும் அவர் வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி, அதில் ஒரு படலை, அவ்வளவுதான் தூரம்.

சண்டை ஒரு மெஷினால் வந்தது. எனக்கு ஏழு மாதமாக இருக்கும்போது கனடாவில் இருக்கும் என் அக்கா ஒரு பார்சல் அனுப்பினாள். பிள்ளைச் சட்டைகளுக்கு நடுவே தாய்ப்பால் எடுக்கிற பம்ப் ஒன்று இருந்தது. கையால் அமுக்குகிற சாதனம். மேலே புனல் மாதிரி ஒரு வாய், கீழே பூட்ட இரண்டு பிளாஸ்டிக் போத்தல். எனக்கு மன்னார் டவுனில் ஒரு கந்தோரில் வேலை. லீவு முடிந்து நான் பஸ் ஏறும் காலத்தில் உதவும் என்று அக்கா நினைத்திருந்தாள். பார்சல் பிரிக்கும்போது மச்சாளும் கூட இருந்தார். மூன்று பிள்ளை பெற்று மூன்றையும் மடியில் போட்டே வளர்த்தவர். பம்பைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்னடி, நீ என்ன மாடே, மெஷின் பூட்டிக் கறக்க?"

பகிடிக்குத்தான் சொன்னார். எனக்கோ சுள்ளென்று ஏறிவிட்டது.

"வீட்டில குந்திக்கொண்டிருக்கிற ஆக்களுக்கு இதெல்லாம் விளங்காது, மச்சாள்."

விடியமுன் எழும்பி, கரைக்குப் போய், மீன் வெட்டி, உப்புப் போட்டு, வெயில் ஏறமுன் காயப்போட்டுவிட்டு வருகிற மனுசியைப் பார்த்துச் சொல்கிற சொல்லா அது? அவர் பம்பைக் கட்டிலில் வைத்தார். படலையால் போனார். அன்றோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு அவசரமான கதை ஏதும் என்றால் என் கணவர்தான் தபால்காரர். மகன் பிறந்தபோது ஆசுபத்திரிக்கு வந்து பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, என் முகத்தைப் பாராமலே திரும்பிப் போனார். நானும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வீம்பில் ஒருவருக்கொருவர் குறைந்தவர்கள் இல்லை.

மகன் பிறந்த பதினோராம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்த நாள் கழுத்தில் இரண்டு கொப்புளம், மத்தியானத்துக்குள் முதுகெல்லாம். கொப்பளிப்பான், சின்னம்மை. டொக்டர் என்னையும் பிள்ளையையும் சோதித்துவிட்டு, கொப்புளம் காய்ந்து பொருக்காகும் வரை பிள்ளையைத் தள்ளி வைக்கச் சொன்னார். மார்பில் கொப்புளம் இல்லாதபடியால் பாலை நிறுத்த வேண்டாம், எடுத்துக் கொடுக்கலாம் என்றார். பிள்ளையைப் பார்க்கிற ஆள் மட்டும் ஏற்கெனவே அந்த வருத்தம் வந்து மாறிய ஆளாக இருக்க வேண்டும்.

என் அம்மாவுக்கு அது வந்ததேயில்லை. வங்காலையிலிருந்து வரப் புறப்பட்டவரைப் போனிலேயே மறித்துவிட்டேன். என் கணவருக்குச் சின்ன வயதில் வந்தது. ஆனால் அவர் கடலுக்குப் போகிறவர், அதோடு பிள்ளையைத் திருக்கை மீன் தூக்குகிற மாதிரித்தான் தூக்குவார். அவருக்கு வந்த அதே கிழமை அவருடைய அக்காவுக்கும் வந்ததாம். மச்சாளின் புருவத்துக்கு மேலே அந்தத் தழும்பு இன்றைக்கும் கிடக்கிறது.

"வேற ஆரையும் பாருங்கோ" என்றேன் நான், காய்ச்சலிலும்.

என் கணவர் வாய் திறக்கமுன் படலை திறந்தது. மச்சாள் தலைக்கு முழுகி, வெளுத்த சட்டை போட்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வாசலில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்துச் சொன்னார்:

"பிள்ளையைத் தரச் சொல்லு."

கொடுத்தேன். வேறு வழி இல்லை. பிள்ளை போன பிறகு அந்தக் கட்டிலில் கிடந்து நான் பயந்ததெல்லாம் ஒன்றே ஒன்றுக்குத்தான். பால் வற்றிவிடும், போத்தலுக்குப் பழகிய பிள்ளை பிறகு என்னிடம் வராது.

எங்கள் பகுதி மருத்துவிச்சி வேலிக்கு அப்பால் நின்றே என்னோடு கதைத்தார். "மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எடுங்கோ. வந்தாலும் எடுங்கோ, வராட்டிலும் எடுங்கோ. நிண்டுபோனா திருப்பிக் கொண்டு வாறது பெரிய பாடு." போத்தல் அவருக்குப் பிடிக்காது. கப்பால் பருக்கத்தான் சொன்னார். மச்சாள் கப்பால் பருக்கிப் பார்த்தாராம், பிள்ளை புரைக்கேறி நீலம் பாரித்துவிட்டதாம். பிறகு மருத்துவிச்சியே போத்தலுக்குத் தலையாட்டினார்.

அப்படித்தான், மாடு என்று மச்சாள் பகிடி பண்ணிய அந்த மெஷினை நான் பிரித்தேன். கையை முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவுவது, பம்பைக் குசினியில் கொதிக்க வைப்பது, கடிக்கிற உடம்பைச் சொறியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்குவது. முதல் நாள் போத்தலின் அடி மறையவில்லை. என் கணவர் அதையும் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படலையால் போனார்.

அம்மை கண்ட வீட்டுக்குள் மீன் வரக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதில் மச்சாளை விடக் கறாரான ஆள் ஊரில் இல்லை. மூன்றாம் நாள் வெறும் போத்தல்களோடு மூடிய கோப்பை ஒன்றும் வந்தது. திறந்தால் பால்சுறா வறை, உள்ளி மணக்க. பால் சுரக்கப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற கறி. நான் இவரைப் பார்த்தேன்.

"மாதா பொறுப்பா, பிள்ளை பொறுக்கமாட்டான் எண்டு அக்கா சொல்லச் சொன்னவ" என்றார்.

கோப்பையை வழித்துச் சாப்பிட்டேன். நன்றி சொல்லி அனுப்பவில்லை. வீம்பு.

பால் மெல்ல மெல்லக் கூடியது. மிஞ்சியதைக் கொதிக்க வைத்த ஜாம் போத்தல்களில் ஊற்றி மச்சாள் வீட்டு ஃபிரிஜில் சேர்த்தோம். ஆறாம் நாள் காலையில் அங்கே ஐந்து போத்தல் இருந்தது. எனக்கு மடுத் திருவிழா பார்த்த சந்தோசம். அன்றைக்குத்தான் கரண்ட் போனது, பின்னேரம் வரை வராது என்றார்கள்.

"ஐஸுக்கு எங்களுக்கு என்ன பஞ்சம்?" என்று சொல்லி இவர் கரைக்குப் போனார். மீன் ஏற்றுகிற, குளிர் தாங்கும் ரெஜிபோம் பெட்டியை மூன்று தரம் சவர்க்காரம் போட்டு உரஞ்சினார். ஐஸை உடைத்து அடுக்கி, நடுவில் போத்தல்களை நிறுத்தி, மேலேயும் ஐஸ் போட்டார். இவ்வளவும் சரி. பிறகு மூடமுன் கை தன்பாட்டில் சாக்குக்குப் போயிருக்கிறது. இருபது வருடப் பழக்கம். ஐஸுக்கு மேலே இரண்டு கை கல்லுப்புத் தூவாமல் இவர் பெட்டி மூடியதே இல்லை. உப்புப் போட்டால் குளிர் ஏறும், மீன் விறைத்துக் கல்லாகி யாழ்ப்பாணம் வரை தாங்கும்.

மத்தியானம் மச்சாள் பெட்டியைத் திறந்தார். பால் விறைத்துக் கல்லாகியிருந்தது. கழுத்து வரை நிரப்பிய ஐந்து போத்தலும் வெடித்திருந்தன.

இவர் வெடித்த போத்தல் ஒன்றோடு என் கதவடியில் வந்து நின்றார். கடலில் எஞ்சின் நின்ற நாளில்கூட அப்படி ஒரு முகத்தை நான் கண்டதில்லை.

"மீனுக்குப் போடுறமாதிரி... கை போட்டுட்டுது."

"இஞ்சருங்கோ, அது மீனே? என்ர பிள்ளைக்கு நீங்கள் கருவாடும் போடுவியள்!"

இன்னும் சொன்னேன், இங்கே எழுதக் கூடாதவை. கண்ணாடித் துண்டு விழுந்த பாலை யாரும் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. பிள்ளைக்கு இப்போதே பசி நேரம். பம்பை எடுத்து வைத்து அமுக்கினேன். ஒரு சொட்டு இல்லை. பக்கம் மாற்றினேன். இல்லை. ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து மார்பு கல்லாக இருந்தது. கால் மணித்தியாலம் அமுக்கி விரல் மரத்துப்போனது. பால்மா டின் வாங்கி வரவா என்று இவர் மெல்லக் கேட்டார். ஓம் என்று சொல்ல வாய் எடுத்தேன்.

அப்போது என் போன் அடித்தது. மச்சாள்.

"ஹலோ" என்றேன். பதில் இல்லை. பிறகு காதுக்குள் பிள்ளையின் அழுகை. கச்சான் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிற காலம், அந்த வளவுச் சத்தம் இந்தப் பக்கம் வராது. ஆறு நாளாக நான் அவன் குரலைக் கேட்டிருக்கவில்லை. என் முதல் யோசனையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்னைக் குத்திக் காட்டத்தான் எடுத்திருக்கிறார், பிள்ளை பட்டினி கிடக்கிறது பார் என்று காட்டத்தான், என்று நினைத்தேன். வெட்டிவிடப் போனேன். விரல் போகமுன் இரண்டு மார்பும் சுரீரென்று இழுத்து, சட்டை நனைந்தது.

போனைத் தலையணையில் போட்டுவிட்டுப் பம்பைப் பிடித்தேன். அவன் அழ அழப் போத்தலில் பால் ஏறியது. நான் அமுக்கியது பாதி, தானாக வந்தது பாதி. இவர் அந்தச் சூட்டோடு போத்தலைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடினார். போன் வெட்டுப்படவில்லை. போனுக்குள் படலைச் சத்தம் கேட்டது. அழுகை ஒரு விக்கலோடு நின்றது. பிறகு மடக், மடக் என்று விழுங்குகிற சத்தம், நடுவில் மூச்சு வாங்கல், திரும்ப மடக், மடக். கடைசிச் சொட்டு வரை கேட்டேன். அவ்வளவு நேரமும் மச்சாள் ஒரு சொல் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. முகத்தைத் தலையணையில் புதைத்து அழுதேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பால் நேரமும் போன் வந்தது. நான் பால் எடுக்கமுன் ஒரு தரம், அவன் குடிக்கும்போது ஒரு தரம். பேச்சில்லை. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் என் வாய் சும்மா இருக்கவில்லை. பிள்ளையோடு கதைக்கத் தொடங்கினேன். அப்பா இன்றைக்கு என்ன மீனோடு வந்தார், வேப்பமரத்தில் எத்தனை காகம், அம்மாவுக்கு மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் வந்து எப்படி இருக்கிறாள் என்றெல்லாம். பிறகு ஒருநாள் பின்னேரம் கதையோடு கதையாகச் சொன்னேன்:

"குஞ்சு, அம்மா உன்ர மாமியை ஒரு சொல் சொன்னனான். அது பிழையான சொல். மாமி வீட்டில குந்திக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. அம்மாவுக்குத்தான் வாய் கூட."

மறுபக்கம் விழுங்குகிற சத்தம் மட்டும். பிறகு மச்சாளின் குரல் வந்தது, பிள்ளையைப் பார்த்துத்தான்.

"கொம்மாட்டச் சொல்லு, கண்டுக்குட்டி கத்தினாத்தான் மாடு சுரக்கும் எண்டு மாமிக்குத் தெரியுமாம்."

கொப்புளம் இழுத்து வலிக்க வலிக்கச் சிரித்தேன். அவரும் சிரித்தது கேட்டது.

பொருக்கெல்லாம் காய்ந்து, டொக்டர் சரி என்று சொன்ன காலையில் வேப்பிலைத் தண்ணீரில் முழுகி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு படலையால் நான்தான் போனேன். மச்சாள் குசினிக் கதிரையில் பிள்ளையோடு இருந்தார். வாங்கி மடியில் போட்டேன். பாரம் ஏறியிருந்தான், தொடையில் மடிப்பு விழுந்திருந்தது. மார்பில் வைத்தேன். பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பினான். திரும்ப வைத்தேன். முதுகை வில்லாக வளைத்துக் கத்தினான். எதற்குப் பயந்து அத்தனை நாள் கிடந்தேனோ அதுவே நடந்தது. நான் யாரோ ஒருத்தி அவனுக்கு.

"போத்திலைத் தாங்கோ மச்சாள்" என்றேன்.

அவர் தரவில்லை. எழும்பவும் இல்லை.

"கதை" என்றார். "போனில கதைச்சமாதிரிக் கதை."

என்ன கதைப்பது? "குஞ்சு," என்றேன், "அப்பா இண்டைக்கு ஒண்டும் கொண்டரேல்ல. வெறும் வலை." கத்தல் ஒரு படி இறங்கியது. "உப்புச் சாக்கை மாமி ஒளிச்சு வைச்சிட்டா." தலை திரும்பியது. அந்தச் சின்ன வாய் தேடித் தேடி வந்து பிடித்தது. மடக், மடக். இந்தத் தடவை காதுக்குள் இல்லை, என் நெஞ்சில்.

எங்கள் ஊரில் சொந்தக்காரருக்கு நன்றி சொல்கிற வழக்கமில்லை, சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். அதனால் அன்றைக்கும் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். என் பிள்ளைக்கு நான் கொடுத்த பாலில் பாதி மச்சாள் சுரக்க வைத்த பால். அதை நான் சாகும் வரை மறக்கமாட்டேன்.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டபோது அவர் முதுகைக் காட்டிக்கொண்டு போத்தலைக் கழுவினார். ஏற்கெனவே கழுவி வைத்த போத்தல் அது.

பின்னேரம் பால் நேரம், பிள்ளையை அணைத்துக்கொண்டு இருக்கும்போது போன் அடித்தது. எடுத்தேன். "ஹலோ" என்றேன். பதில் இல்லை. ஒரு மூச்சுச் சத்தம் மட்டும்.

போனை அவன் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து, அவன் குடித்து முடிக்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.