பின்கட்டு மாமா

திருவள்ளூரில் குளத்தை ஒட்டியிருந்த எங்கள் தெருவில் பகல் வேளையில் ஆண்களைப் பார்ப்பது அபூர்வம். விடியும் முன்பே சாப்பாட்டுத் தூக்கோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவார்கள். எல்லோருக்கும் மதராசில் வேலை. அமாவாசையன்று மட்டும் வெளியூர்க் கூட்டம் வந்து வேண்டுதலுக்காகக் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வாசல்களில் படுத்துக் கிடக்கும். மற்ற நாட்களில் பெண்கள், பிள்ளைகள், காக்கைகள், அவ்வளவுதான்.

நாங்கள் குடியிருந்தது, கட்டியவர் பெயர்கூட யாருக்கும் தெரியாத ஒரு பழைய நீள வீடு. தெருவாசலிலிருந்து கிணற்றடி வரைக்கும் இருட்டான ஒரே நடை. முன்கட்டில் வீட்டுக்காரர் குடும்பம், நடுக்கட்டில் நாங்கள், பின்கட்டில் ஓர் அத்தையும் மாமாவும். ரத்த உறவு எதுவும் இல்லை. அம்மாவோடு அவள் பழகிய பழக்கத்தில் அத்தை ஆனவள்.

மாமாவை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. நான் எழுவதற்குள் அவர் போயிருப்பார். எனக்கு அவர் ஓர் இருமல்தான். இரண்டு சின்ன இருமல், பிறகு தொண்டையைக் கிழிக்கிற மாதிரி ஒரு செருமல். தினமும் மாலை ஏழு மணிக்குப் பின்கட்டிலிருந்து அது கேட்கும். பிறகு செருப்புச் சத்தம், வாளியில் தண்ணீர் சரியும் சத்தம், "இந்தாங்க துண்டு" என்று அத்தையின் குரல்.

அப்போது எனக்கு எட்டு வயது. ஒருநாள் மாலை ரயில் வரவில்லை. வழியில் எங்கோ நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். விளக்கு வைத்து நெடுநேரம் ஆகியும் தெருவில் ஒரு வீட்டுக்கும் ஆண்கள் திரும்பவில்லை. அம்மா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். நடுவே என்னைக் கூப்பிட்டு ஒரு கிண்ணத்தைக் கையில் வைத்தாள்.

"இந்தக் கொழம்ப அத்தை ஊட்டுல குட்த்துட்டு வா. வேடிக்கை பாத்துக்கினு நிக்காத."

நடையில் பாதி தூரம் போயிருப்பேன். பின்கட்டில் மாமா இருமினார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். என் நைனாவே இன்னும் வரவில்லை. தெருவே வாசலில் நின்று காத்துக்கொண்டிருக்கிறது. இவர் மட்டும் எதில் வந்தார்? வாசலைத் தாண்டி, எங்கள் கட்டைத் தாண்டி, என் கண்ணில் படாமல் எப்படி உள்ளே போனார்?

அத்தையின் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. ஜன்னல் பலகையில் ஒரு சட்டம் உடைந்திருந்ததால் அதன் வழியே பார்த்தேன். உள்ளே சிமினி விளக்கு. அறையில் அத்தையைத் தவிர வேறு யாருமில்லை. அவள் கால்களில் ஆண் செருப்பு. அதைப் போட்டுக்கொண்டு சுவருக்குச் சுவர் அழுத்தி அழுத்தி நடந்தாள். நின்றாள். கழுத்து நரம்பு புடைக்க இருமினாள். இரண்டு சின்ன இருமல், ஒரு செருமல். பிறகு தன் சொந்தக் குரலில், யாருமில்லாத மூலையைப் பார்த்து, "இந்தாங்க துண்டு" என்றாள்.

கையிலிருந்த கிண்ணம் ஜன்னல் கம்பியில் இடித்துவிட்டது. அத்தை திரும்பினாள். நிதானமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு, கதவைத் திறந்து, குழம்பை வாங்கிக்கொண்டாள்.

"மாமா குளிச்சிக்கினு இருக்காரு. அம்மாகிட்ட சொல்லிடு, இன்னா?"

அன்றைக்கே எனக்கு ஜுரம் வந்துவிட்டது. அம்மா நெற்றியில் துணியை நனைத்துப் போட்டபோது அவள் காதில் சொன்னேன்: "அத்தை மேல மாமா பூந்துக்கினாரும்மா."

அம்மா துணியை எடுத்து மறுபடி நனைத்துப் பிழிந்தாள். "யார்கிட்டயும் சொல்லாத. சொன்னே, தோலை உரிச்சிடுவேன்" என்றாள்.

பயத்தைத் தனியாக வைத்துக்கொள்ள எட்டு வயதில் முடியுமா? ஜுரம் விட்ட மறுநாளே வீட்டுக்காரர் மகளிடம் கிணற்றடியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரே எங்கள் கட்டுக்கு வந்துவிட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"இன்னாம்மா, பின்கட்டுல ஆம்பள இருக்காரா, இல்லியா? நாலு மாசமா நான் மூஞ்சியே பாக்கல. தனியா இருக்குற பொம்பளைக்கெல்லாம் நான் ஊடு உடறதில்ல. இல்லன்னா சொல்லுங்க, இன்னிக்கே சாமானை வெளிய எடுத்து வெச்சிடுறேன்."

நான் கதவிடுக்கில் ஒண்டிக்கொண்டேன். என் வாயால் வந்த வினை என்று அந்த வயதிலும் தெரிந்தது. அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"இன்னா இப்பிடிக் கேக்குறீங்க? காத்தால கூட கெணத்தாண்ட பாத்தேனே. ஞாயித்துக்கெழமையும் ஓவர்டைம்னு ஓடறாரு, பாவம்."

வீட்டுக்காரர் நைனாவைப் பார்த்தார். ஒரு மாங்காய் விஷயத்தில் பொய் சொன்னதற்காக என்னை முழங்காலில் நிற்க வைத்தவர் என் நைனா. அவர் பேப்பரை மடித்துத் தொடையில் வைத்துக்கொண்டார்.

"தெனம் ஒரே பொட்டியிலதான் வரோம். எனக்கு எதிர் சீட்டுதான் அவரு. சளி ஜாஸ்தி, பேசவே மாட்டாரு."

வீட்டுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கோ பயம் இரட்டிப்பானது. அத்தைக்குப் பேய் பிடித்திருக்கிறது என்பதுகூடத் தேவலை. அம்மா பார்க்கிறாள். நைனா தினமும் எதிரில் உட்கார்ந்து வருகிறார். அந்த வீட்டில் மாமாவைப் பார்க்க முடியாத கண் எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது.

எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டே அம்மா ஒருநாள் சொன்னாள். மாமா வண்ணாரப்பேட்டையில் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டு, ஒரு காலை ரயிலேறியவர் திரும்பவே இல்லையாம். அத்தைக்குப் பிறந்த வீடும் இல்லை. காக்களூர்ப் பக்கம் ஒரு சின்னத் தொழிற்கூடத்தில் வேலை கிடைத்து, அவள் மணவாள நகரில் தனியாக வீடு பார்த்துக்கொண்டு போகும் வரை, ஒன்றரை வருஷம் அந்த இருமல்தான் அவளுக்குக் காவல்.

இதெல்லாம் தெரியாத அந்த நாட்களில் நான் மாமாவிடம் மரியாதையாக நடந்துகொள்ளப் பழகியிருந்தேன். ஒரு சாயங்காலம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவள், குறுகலான அந்த நடையில் சுவரோடு ஒட்டி ஒதுங்கி நின்றேன்.

"யாருக்குடி வழி உடற?" என்றாள், எதிரே வந்த அத்தை.

"மாமாவுக்கு."

அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. தெரியாத்தனமாக மாமாவின் காலை மிதித்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னும் கொஞ்சம் ஒதுங்கி நின்றேன்.