திறக்காத கதவு

கிடங்குப் பொறுப்பாளரை அந்த மருத்துவமனையில் எல்லோரும் 'டிகிரி' என்றே அழைத்தார்கள். தடுப்பூசி ஃப்ரிட்ஜின் வெப்பநிலையைப் பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு கட்டம்கூட விடாமல் பதிவேட்டில் எழுதியவர். மதிய இடைவேளையில் அட்டை கிழிந்த அறிவியல் புத்தகம் ஒன்றைப் படித்துத் தனக்குத்தானே சிரித்துக்கொள்வார். விஞ்ஞானிகளைக் கேலி செய்தே விஞ்ஞானம் சொல்லும் புத்தகம் அது.

அன்று காலை பத்து மணிக்கு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. வெளியே அறுபத்திரண்டு குழந்தைகளோடு தாய்மார்கள். எட்டு டிகிரியைத் தாண்டினால் மருந்து முழுவதும் குப்பைக்கு. அடுத்த சரக்கு வர இரண்டு வாரம் ஆகும்.

மின்தடையின்போது அரைமணிக்கு ஒருமுறை பார்த்து எழுதுவது விதி. வெப்பமானியோ உள்ளே இருந்தது; பார்க்க ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து குளிரை வெளியே விட வேண்டும். பத்துக்கு நான்கு. பத்தரைக்கு 4.9. பதினொன்றுக்கு 5.8. பதினொன்றரைக்கு 6.7. இப்படியே போனால் பன்னிரண்டரைக்குள் எட்டைத் தாண்டிவிடும்.

அப்போதுதான் புத்தகத்தின் ஒரு பக்கம் உறைத்தது: ஒரு சொட்டுத் தேநீரின் சூட்டை அளக்கப் போய், வெப்பமானியாலேயே அதை ஆறவைத்துவிட்டு, 'தேநீர் குளிர்ந்த பானம்' என்று அறிக்கை எழுதிய மேதையின் கதை. அளப்பதே அளவைக் கெடுக்கும்.

பன்னிரண்டுக்கு நர்ஸ் வந்தாள்.

"டிகிரி அண்ணே, எழுதலையா?"

"திறக்க மாட்டேன்மா. பார்த்துப் பார்த்து நானே கெடுத்துட்டிருக்கேன்."

"காலிக் கட்டம் கிடந்தா உங்களுக்குச் சோறு இறங்காதே! ஏழுன்னு போடுங்க. கதவா வந்து சாட்சி சொல்லப்போகுது?"

"பார்க்காததை எழுத மாட்டேன்."

கதவில் முதுகைச் சாய்த்து நின்றார். வெளியே குழந்தைகளின் அழுகை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத தவிப்பு. பதிவேட்டில் மூன்று கட்டங்கள் காலியாகவே நின்றன.

ஒன்று பத்துக்கு விளக்கு எரிந்தது. ஃப்ரிட்ஜ் மீண்டும் குளிரத் தொடங்கும்முன் திறந்தார். 7.5.

தொலைபேசியில் தகவல் சொன்னதும் மாவட்ட அதிகாரி சீறினார். "நடுவுல எட்டைத் தாண்டலைன்னு யாருய்யா பார்த்தது?"

"யாரும் பார்க்கலை, சார். கரண்ட் இல்லாத ஃப்ரிட்ஜ் சூடாகத்தான் செய்யும். சூடானது தானா குளிராது. கடைசியில ஏழரைன்னா, அதுக்கு முன்னாடி எட்டு இருந்திருக்க முடியாது."

அதிகாரி இறங்கி வந்தார். "எழுதிக் கையெழுத்துப் போடும். தப்பானா உம்ம தலைதான் உருளும்."

மூன்று கட்டங்களிலும் 'திறக்கவில்லை' என்று எழுதினார். முதல் குப்பியை எடுத்து நர்ஸின் கையில் வைத்தார்.