பதினைந்தாவது மைல்

கிட்டர்மின்ஸ்டர் கம்பள ஆலையில் முப்பத்தோரு வருஷம் தறிகளைப் பழுதுபார்த்தவர் நெவில் பார்ஜிட்டர். நூறு தறிகள் ஒன்றாக இரைகிற கூடத்தில் எது தாளம் தப்பியது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார். ஓய்வுபெற்ற பிறகு அந்தக் காதுக்கு வேலையில்லை. அமைதி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தேநீர் ஆறுவதற்குள் நாலு தடவை எழுந்து கொட்டகைக்குப் போய் வருவார். அங்கே நின்றது, இரண்டே பேர் உட்காரக்கூடிய பச்சை ஸ்போர்ட்ஸ் கார். வயது இருபத்தெட்டு.

நன்றாகத்தான் ஓடும். பதினைந்தாவது மைல் வாக்கில் கொஞ்சம் இருமிவிட்டு நின்றுவிடும். எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் காயிலை மாற்றினார். கண்டென்சரை மாற்றினார். பெட்ரோல் பம்பையும் மாற்றினார். நின்றபோதெல்லாம் முதலில் பின்னால் போவார். டேங்க் மூடியைச் சாவி போட்டுத் திறந்து, காரை ஆட்டி, பெட்ரோல் தளும்புகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். பிறகு பானட்டைத் தூக்கி ஏதாவதொரு வயரைத் தேய்த்து மாட்டுவார். வண்டி கிளம்பிவிடும். தேய்த்த வயர்தான் குற்றவாளி என்று வீட்டுக்கு வந்து அதைப் பிடுங்கி எறிவார். அடுத்த ஞாயிறு இன்னொரு குற்றவாளி.

மனைவி மேவிஸ் பள்ளிக்கூடச் சாப்பாட்டு வேனை இருபது வருஷம் ஓட்டியவள். லட்லோவில் தங்கையின் பிறந்தநாள் விருந்துக்குக் கிளம்பும்போது சொன்னாள்:

“இன்னிக்கு நடுரோட்டுல நின்னுச்சுன்னா இறங்கிடுவேன். அப்புறம் செத்தாலும் இந்த சீட்ல ஏற மாட்டேன்.”

“நிக்காது கண்ணு. புது காயில் போட்டிருக்கேன்.”

“போன தடவையும் புதுசுதான்.”

“அது மட்டம்.”

சொன்னால் செய்வாள். ஒருநாள் காலை தேநீரில் சர்க்கரையை நிறுத்தியவள், இன்றுவரை தொடவில்லை. அவள் பக்கத்தில் இல்லாவிட்டால், ஞாயிறுதோறும் போகிற சாலைகளில் எஞ்சின் சத்தத்தைக் காட்டி யாரிடம் “கேக்குதா?” என்று கேட்பது? நெவில் பெட்ரோல் பங்கில் நின்று டேங்கை விளிம்புவரை நிரப்பினார்.

கிளீ ஹில் ஏற்றத்தில் தூறல் பிடித்தது. மைல்கணக்கைக் காட்டும் எண்களை விட்டு நெவிலின் கண் நகரவில்லை. மேவிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“பேசாதே, கேக்கிறேன்.”

கார் இருமியது. நின்றது.

மேவிஸ் கைப்பையையும் கேக் டப்பாவையும் எடுத்துக்கொண்டு, முப்பது தப்படி தள்ளியிருந்த பஸ் நிறுத்தத்தில் போய்க் குடை பிடித்து நின்றாள். காலையில்தானே நிரப்பியிருக்கிறது என்று நெவில் நேரே பானட்டைத் தூக்கினார். ஒரு வயரைத் தேய்த்தார், இன்னொன்றைத் தேய்த்தார். சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, பற்றவில்லை. மழை கழுத்துக்குள் இறங்கியது. அரைமணி நேரம் பார்த்துவிட்டு மேவிஸ் நடந்து வந்தாள்.

“பின்னாடி போகலியா நீ?”

“எதுக்கு? டேங்க் ஃபுல்லா இருக்கு.”

“எப்பவும் அதைத்தானே முதல்ல திறப்ப? ஜாம் பாட்டிலைத் திறக்கிற மாதிரி உஸ்ஸுனு ஒரு சத்தம் வரும். அப்புறம்தான் கிளம்பும்.”

“என்ன சத்தம்?”

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். “உனக்குக் கேக்கலியா?”

அவர் போய் மூடியைத் திறந்தார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“வந்துச்சா?”

“வேலியோரம் மேயுற அந்த ஆடே திரும்பிப் பார்த்துச்சு, நெவில்.”

சாவியைத் திருப்பினார். தொட்டதும் பற்றிக்கொண்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் யாரோ பெட்ரோலை உறிஞ்சிப் போனதால், பழைய மூடியை எறிந்துவிட்டு, பூட்டோடு பளபளவென்று ஒன்றை வாங்கி மாட்டியிருந்தார். பழையதில் காற்று புக ஊசித் துளை உண்டு. இதில் இல்லை. பெட்ரோல் வெளியேறிய இடத்துக்குக் காற்று வராமல், டேங்க் பம்போடு இழுபறி நடத்திக்கொண்டிருந்திருக்கிறது. மெல்லிய சத்தங்களைத் தறிகள் எப்போதோ தின்றுவிட்டன, அவருக்குத்தான் தெரியவில்லை.

“எத்தனை நாளா கேக்குது உனக்கு?”

“ரெண்டு வருஷமா.”

“சொல்லித் தொலைச்சிருக்கலாமே!”

“பேசாதே, கேக்கிறேன்னு சொன்னது யாரு?”

பஸ் வந்தது.

“ஏறிக்கோ மேவிஸ். இனிமே நிக்காது.”

“நின்னுச்சில்ல?” என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸில் ஏறினாள். நெவில் மூடியைத் தளர்த்திவிட்டு, லட்லோ வரை பஸ்ஸின் பின்னாலேயே போனார். அது நின்ற இடத்திலெல்லாம் நின்றார்.

விருந்தில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சகலையின் டிரில்லை வாங்கி மூடியில் ஒரு துளை போட்டார். ஊரை மூன்று சுற்று சுற்றிவந்தார். நாலு மணி பஸ்ஸுக்கு நேரம் நெருங்கியபோது மேவிஸ் காலி டப்பாவோடு வெளியே வந்தாள். அவர் இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

மேவிஸ் அந்த சீட்டைப் பார்த்தாள். காரைச் சுற்றிக்கொண்டு வந்து கையை நீட்டினாள்.

“சாவி.”

“என்னது?”

“அந்த சீட்ல ஏற மாட்டேன்னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான். குடு.”

நெவில் இடப்பக்கம் ஏறினார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சாப்பாட்டு வேனை ஓட்டிய வேகத்தில் அவள் ஓட்டினாள். பதினைந்தாவது மைல் வந்தது, போயிற்று. பதினாறு.

“மேவிஸ், ஏதோ தட்டுதே. கியர்பாக்ஸா?”

“உன் முழங்கால். கதவுல இடிக்குது. சும்மா உட்காரு.”