செல்வி அக்காவின் நாலாவது டப்பா

சோரியாங்குப்பத்தில் சீஸ் செய்கிற ஒரே ஆள் ஆரோக்கியசெல்வி அக்கா. பாண்டியில் ஒரு ஓட்டலுக்கு ஏழு வருஷம் பாத்திரம் கழுவப் போனவர், கழுவிக்கொண்டே சீஸ் செய்யவும் கற்றுக்கொண்டு திரும்பினார். வீட்டில் ஒரு கறவை மாடு. பின்னால் கழுவித் துடைத்த ஒரு அறை, அதன் கதவில் "செருப்புடன் உள்ளே வராதீர்" என்று ஒரு அட்டை. அந்த அட்டையைத் திருப்பி "மாட்டுடன் வரவும்" என்று எழுதி மாட்டியவள் நான். அடுத்த வீட்டுப் பிரியதர்ஷினி. பத்தாவதில் கணக்குக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை, அதனால் வீட்டில் இருக்கிறேன். அட்டை விவகாரத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் எனக்குத் தடை.

வியாழக்கிழமைதோறும் அக்காவின் சீஸ் பாண்டியில் கல்பனா என்பவரின் பேக்கரிக்குப் போகும். போன வருஷம் தவக்காலத்தின் இரண்டாவது வாரம், கல்பனாவே ஸ்கூட்டரில் ஊருக்கு வந்துவிட்டார். லைசென்ஸ் புதுப்பிப்பதற்காகக் கடைச் சாமான்களை எல்லாம் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்.

"செல்வி, கோச்சிக்காதீங்க. உங்க சீஸ்ல ஈயம் இருக்குதாம். இருக்கக்கூடிய அளவுக்கு மேல."

"எலுமிச்சங்கா சாறைக்கூட அளந்துதான் ஊத்தறேன் மேடம். ஈயத்துக்கு நான் எங்க போவேன்?"

"நான் உங்கள நம்பறேன். ஆனா துன்றவங்களுக்கு நான் பதில் சொல்லணும். எங்கேருந்து வருதுன்னு கண்டுபுடிச்சி, சுத்தமான ரிப்போர்ட்டோட வாங்க. ஈஸ்டர் வரைக்கும் பாக்கறேன். அப்புறம் வேற ஆள்தான். சாப்பிட்டவங்க எல்லாரும் ரத்தம் டெஸ்ட் எடுத்துடுங்க."

அன்றே அக்கா மீதிச் சீஸை எல்லாம் ஆழக் குழி தோண்டிப் புதைத்தார். நாய்கூடத் தின்னக்கூடாது என்று மேலே கல்லை வைத்தார்.

மறுநாள் டீக்கடையில் சுப்பராயலு தீர்ப்பே எழுதிவிட்டார். "மாடு ரோட்டோரமா மேயுது. வண்டிப் புகைய துன்னுட்டு பாலா குடுக்கும்? வித்துட்டு வேற வேல பாக்கச் சொல்லு."

இதை அக்காவின் புருஷன் ஆண்டனி மாமா வீட்டுக்குச் சுமந்து வந்தார். பெண்ணையாற்றில் வலை வீசுகிறவர். சீஸ் வாடையே அவருக்கு ஆகாது.

"வித்துடலாமா செல்வி?"

"இருய்யா. ஓட்டல்ல கொழம்புல உப்பு ஏறிப்போச்சின்னா, எந்தச் சட்டியில ஏறிச்சின்னு ஒவ்வொண்ணா நக்கிப் பாப்போம். ஈயத்துக்கு ருசி இல்ல. அதனால லேப்காரங்க நக்கட்டும்."

நாலு டப்பா எடுத்தார். ஒன்றில் கறந்த பால். இரண்டாவதில் அண்டாவில் காய்ச்சித் திரித்தது. மூன்றாவதில் துணியில் கட்டி வடித்தது. நாலாவதில் அச்சில் போட்டு ராத்திரி முழுக்க பாரம் வைத்து அழுத்திய சீஸ். பெயர் எழுதி ஒட்டி, பாண்டிக்கு பஸ் ஏறினார். அதே மாட்டின் பாலைக் குடிப்பவர் என்று, ரத்தம் கொடுக்க ஆண்டனி மாமாவையும் இழுத்துக்கொண்டார். அவர்களுக்குப் பின்னால் நானும் ஏறினேன்.

"நீ எதுக்குடி? சீஸப் பாத்தாலே கொமட்டுதுன்னவதான நீ?"

"தொணைக்கு வரேன்க்கா."

அந்த சீஸ் அறையின் ஜன்னல் வழியாகக் கையை விட்டு எட்டு மாதமாகத் துண்டு துண்டாக எடுத்துத் தின்றதை எப்படிச் சொல்வது? லேபில், "நானும் ரத்தம் குடுத்தா புண்ணியம்" என்று கையை நீட்டிவிட்டேன்.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. என் ரத்தத்தில் அக்காவைவிட ஈயம் அதிகம்.

"அடிப்பாவி! செஞ்சவளவிட நீ அதிகமா துன்னுருக்கியாடி?"

திருடியதற்கு அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா என் தலையைப் பிடித்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டார். அடித்திருக்கலாம் என்று தோன்றியது. டாக்டர், "மருந்து வேணாம். ஈயம் உள்ள போறத நிறுத்தினா தானா கொறையும். மூணு மாசம் கழிச்சி திரும்பப் பாக்கலாம்" என்றார்.

ஆனால் என்னையும் தாண்டிய ஒருவர் இருந்தார். சீஸை நாக்கில் வைக்காத ஆண்டனி மாமா.

அக்கா இன்னொரு காகிதத்தைப் பிரித்தார். முதல் மூன்று டப்பாவும் சுத்தம். நாலாவதில்தான் ஈயம். பாலில் இல்லை, மாட்டில் இல்லை, அண்டாவில் இல்லை. அச்சுக்குப் போன பிறகு எங்கிருந்து வந்தது? சீஸே தின்னாத மனுஷனுக்குள் எப்படிப் போனது?

மாமா வாசலில் வலை கட்டிக்கொண்டிருந்தார். வலையின் ஓரத்தில் கோத்த ஈயக்குண்டை, வழக்கம்போலப் பல்லால் கடித்து இறுக்கினார்.

"துப்புய்யா அத!"

அக்கா கத்தியதில் மாடே எழுந்து நின்றது. உள்ளே ஓடி, அச்சின் மேல் வைக்கிற பாரத்தைத் தூக்கி வந்து வாசலில் போட்டார். கிழிந்துபோன பழைய வலையின் ஈயக்குண்டுகளைக் காடாத்துணியில் வைத்து அக்காவே தைத்த பை. கல் வைத்தால் அச்சு ஒரு பக்கம் சாயும். இது தலையணை மாதிரி பொருந்தி உட்காரும் என்று பெருமைப்பட்ட பை. சீஸிலிருந்து கசிந்த புளித்த நீரில் ராத்திரி முழுக்க ஊறி, ஈயம் கரைந்து உள்ளே இறங்கியிருக்கிறது.

"என் கையாலதான் செஞ்சிருக்கேன்" என்றார். பையைக் காலால் ஓரமாகத் தள்ளினார். பிறகு, "கண்டுபுடிச்சதும் என் கைதான்" என்று முந்தானையை இழுத்துச் செருகினார்.

பழைய அச்சும் துணியும் போயின. புது அச்சு, புதுத் துணி, மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் தண்ணீர். அதுதான் புது பாரம். சீஸ் மறுபடி சோதனைக்குப் போனது. ஈஸ்டருக்கு ஒரு வாரம் இருக்க, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் ரிப்போர்ட் வந்தது. ஈயம் இல்லை.

அக்கா மாட்டை அவிழ்த்தார். அதன் கழுத்தில் மாலை போட்டது என் வேலை. ஒரு கையில் கயிறு, ஒரு கையில் காகிதம், நேராக டீக்கடை.

"சுப்பராயலு அண்ணே, இத கொஞ்சம் சத்தமா படிங்க. மாட்டுக்கும் கேக்கட்டும்."

அவர் கண்ணாடியைத் தேடித் தேடிப் பார்த்தார். கூட்டம் விடவில்லை. படித்தார். ஈயம் வந்த வழியை, மாமா குண்டைக் கடித்தது உட்பட, அக்கா சொல்லி முடித்ததும் வலைக்காரர்கள் நாலு பேர் வாயைத் துடைத்துக்கொண்டார்கள். ஊரில் இப்போது யாரும் ஈயத்தைப் பல்லால் கடிப்பதில்லை. குறடு வாங்கிவிட்டார்கள்.

கல்பனா ஈஸ்டருக்கு இரண்டு மடங்கு கேட்டார். அக்கா அனுப்பினார். எங்கள் மூன்று பேருடைய ரத்தத்திலும் அளவு இறங்கிய அன்று, அந்த அறைக்கு என்னைக் கூப்பிட்டு, தட்டில் ஒரு துண்டு வைத்துக் கொடுத்தார்.

"இனிமே கேட்டு துன்னுடி."

செருப்பை வெளியே கழற்றிவிட்டு, உள்ளே நின்று தின்றேன். ஜன்னல் வழியாக எடுத்தபோது இருந்த ருசி கொஞ்சம் குறைச்சல்தான். அதை அக்காவிடம் நான் சொல்லவில்லை.