ரோதமுனிக்கு விட்ட சேவல்

கண்டிப் பக்கத்து மடுல்கெல்லத் தோட்டத்திலிருந்து பையோடு இறங்கிக்கொண்டிருந்தபோது தேயிலைக்குள்ளிருந்து ஒரு சேவல் கூவியது. நாற்பதைத் தாண்டிய நான், என்னை அறியாமலே குனிந்து ஒரு குச்சியை எடுத்துக்கொண்டேன்.

எனக்கு எட்டு வயதில் பதினைந்து நாள் விடாத காய்ச்சல். தேயிலை ஆலையின் சக்கரத்தைக் காக்கும் சாமியான ரோதமுனிக்கு அம்மா ஒரு செவலைச் சேவலை நேர்ந்துவிட்டார், நானும் பிழைத்தேன். நேர்ந்த சேவலைத் திருவிழாவில் பலி கொடுக்கும்வரை விற்கக் கூடாது, அடிக்கக் கூடாது. அடி வாங்காமல் வளர்ந்த அது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் தண்ணீர் பிடிக்கும் 'பீலி'யைத் தன் இடமாக்கிக்கொண்டு, வருகிற கால்களையெல்லாம் பாய்ந்து கிழித்தது.

"ஒம் மகன் உசுருக்கு நேந்த சேவலு எங்க புள்ளைக உசுர வாங்குதே அக்கா," என்றார் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த பெண்.

கால் முள்ளையாவது வெட்டிவிடலாம் என்றார் அப்பா. "கொறையுள்ளத சாமி ஏத்துக்காது. கைய வச்சா இவனுக்குக் காய்ச்சல் திரும்பிரும்," என்று அம்மா மறித்துவிட்டார். திருவிழாவுக்கு ஒரு மாதம் இருந்தது.

வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் 'புள்ளக் காம்பரா'வுக்கு, நாலு வயதுத் தங்கை செல்வியைப் பீலி வழியாக நான்தான் கூட்டிப்போக வேண்டும். பயமுறுத்த மட்டும் கையில் ஒரு குச்சி. ஒரு நாள் காலையில் சேவல் என்னை விட்டுவிட்டு அவள் மேல் பாய்ந்தது. ஓங்கிய குச்சி ஓங்கியபடியே நின்றது. அடித்தால் காய்ச்சல் வரும் என்று எனக்குப் பயம். அவள் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு விழுந்த பிறகுதான் அடித்தேன். ஒரே அடியில் செத்துவிட்டது.

கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், கண்ணை மீட்க முடியவில்லை. சேவலை யாரும் தின்னவில்லை, அப்பா புதைத்தார். பல நாள் என் நெற்றியை நானே தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் வரவேயில்லை. அதற்குப் பிறகு என்னால் அந்த லயத்தில் நிலைத்திருக்க முடியவில்லை. ஏழாம் வகுப்போடு கிளம்பியவன், ஊர் ஊராகக் கிடைத்த வேலையைச் செய்தேன்.

பல வருடம் கழித்து இப்போது வந்து பார்த்தால் பீலி இல்லை, குழாய் வந்துவிட்டது. புள்ளக் காம்பராவும் இடிந்துவிட்டது. செல்வி அதே லயத்தில்தான் இருக்கிறாள், கொழுந்து பறிக்கிறாள். கிளம்புவதற்கு முந்தின இரவு சாப்பிட உட்கார்ந்தபோது, அன்று குச்சி என் கையில்தான் இருந்தது என்று முதல் தடவையாக அவளிடம் சொன்னேன்.

"தெரியும்ணே," என்றாள், சோற்றை அள்ளி வைத்தபடி. "மத்தக் கண்ணு பாத்துக்கிட்டுதானே இருந்துச்சு. சாப்புடு."

விடிந்ததும் கிளம்பிவிட்டேன். வழியில் சேவல் கூவியபோது எடுத்த குச்சியைப் பஸ் ஏறும் இடத்தில் போட்டேன்.

மறுநாள் காலை கட்டுகஸ்தோட்டையில் ஒரு கோழிக்கடையில் வேலை கிடைத்தது. முதலாளி சேவல் கூண்டைத் திறந்துவிட்டு, "கொத்தும். குச்சி வேணுமா தம்பி?" என்றார்.

வேண்டாம் என்று சொல்லிக் கையை உள்ளே விட்டேன்.