தாழ்ப்பாள் பார்த்துப் பள்ளி சொல்பவர்

பள்ளி விடும் மணி அடித்துவிட்டது. பிளம்பர் அண்ணன் எதிர்ச்சாரியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, வெளியே வரும் பெண் குழந்தைகளின் தண்ணீர் பாட்டில்களை எண்ணுகிறார். "பாருங்கம்மா, பத்துல எட்டு பாட்டில் ரொம்பினது ரொம்பினபடி வீட்டுக்குப் போகுது. குடிச்சா பாத்ரூம் போகணுமே, அந்த பயம். இந்தப் பள்ளிக்கூடம் நமக்கு வேணாம்." புதிதாக வந்த காவலாளி ஒருவர் இவரைச் சந்தேகப்பட்டு விரட்டியதும் உண்டு. மறுவாரம் அவர் வீட்டுக் குழாயையும் இவர்தான் சரிசெய்தார்.

எங்கள் பேட்டையில் மூன்று அரசு நடுநிலைப் பள்ளிகள். மூன்றுக்கும் குழாய் வேலை இவருடையது. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பை மணிக்கட்டில் மாட்டியிருப்பார். சட்டைப் பையில் வாஷர்கள் கிடக்கும். எங்காவது குழாய் சொட்டினால் அவருக்குப் பேச்சு ஓடாது. எழுந்துபோய்த் திருகிவிட்டு வந்துதான் மிச்சத்தைப் பேசுவார்.

என் சமையலறைக் குழாயை மாற்ற வந்தபோது மேஜையில் என் நோட்டைப் பார்த்தார். மூன்று பள்ளிகளின் தேர்ச்சி விகிதம், ஆசிரியர் எண்ணிக்கை, தூரம் எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தேன். படித்தவள் என்ற மிதப்பு, வேறென்ன. மகளோ பழைய பள்ளியில் நாள் முழுக்க அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்று வந்து, இரண்டு முறை மருத்துவமனையில் கிடந்தவள். ஆறாம் வகுப்பே வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறேன் என்று அழுதுகொண்டிருந்தாள். அதற்கு என் நோட்டில் ஒரு கட்டம்கூட இல்லை.

"இதெல்லாம் பெரியவங்க பார்க்கிறது" என்று நோட்டை மூடினார். "நாளைக்குப் பாப்பாவைக் கூட்டிக்கிட்டு என்கூட வாங்க."

அப்படித்தான் மறுநாள் சாயங்காலம் மகளோடு, அவர் பாட்டில் எண்ணிய அந்த முதல் பள்ளி வாசலில் நின்றோம். கதவிடுக்கு வழியே பார்த்தால் இரண்டாவது பள்ளிக் கழிப்பறையின் தரை பளபளத்தது. கதவில் பூட்டு தொங்கியது. "அதிகாரி வந்தா மட்டும் திறப்பாங்க. குழாய் மாட்டினது நான்தான், நாலு வருஷமாச்சு, இன்னும் புதுசா இருக்கு. என்னத்தச் சொல்ல."

மூன்றாவதில் சுவர் உரிந்து கிடந்தது. என் நோட்டில் கடைசி இடம் இதற்குத்தான். நான் முகம் சுளித்ததைக் கவனித்துவிட்டார். "தாழ்ப்பாள் லேசா ஆடினாலும் இந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அன்னிக்கே போன் போட்டுடும். வேலை முடியற வரைக்கும் பக்கத்துலயே நிக்கும். உயிரை வாங்கும், போங்க." சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை வழிந்தது.

தலைமையாசிரியையிடம் அனுமதி கேட்டுவிட்டு, தானே உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டார். "தள்ளு பாப்பா, ரெண்டு கையாலயும். காலையில சாப்பிட்டியா இல்லியா?" அவள் தள்ளினாள். நானும் சேர்ந்து தள்ளினேன். கதவு அசையவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை மாதத்துக்குப் பிறகு. இந்த மனிதருக்கு நான் என்ன செய்து தீர்ப்பேன்.

வெளியே வந்தவர், "இப்ப நீ போயிப் பாரு" என்றார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவர் அதற்குள் முற்றத்தைக் கடந்து, மறுகோடிச் சுவர் வரை நடந்துபோய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். மகள் உள்ளே போனாள். தாழ் விழுந்தது. அவள் வெளியே வந்து, கை கழுவி, "மாமா" என்று கூப்பிடும்வரை அவர் திரும்பவேயில்லை.